காற்று மாறும் வரை: நக்கவாரத்து வழியில் தமிழர்

சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் நின்று, "இவ்வூருக்கும் தமிழர்க்கும் உறவு ஏற்பட்டது எப்போது?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றே வரும். இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட காலத்தில் என்பர் சிலர். ஆங்கிலக் கும்பினியார் 1819ஆம் ஆண்டில் இத்தீவில் கொடி நாட்டிய பின்னர் என்பர் வேறு சிலர். முதல் விடையில் தமிழன் வேந்தனாக வருகின்றான். இரண்டாம் விடையில் கூலியாளாகவோ கடைக்காரனாகவோ வருகின்றான். பள்ளிப் பாடங்களிலும் இவ்விருவரே மாறி மாறித் தோன்றுவர். இவர்களை ஏற்றி வந்த கலத்தைச் செலுத்தியவன் எவ்வழியாக வந்தான், எந்த மாதத்தில் வந்தான், வந்தவன் உடனே திரும்பாமல் ஏன் தங்கினான் என்று கேட்பார் அரியர்.

கி. பி. 1025க்கும் 1819க்கும் இடையே ஏறத்தாழ 800 ஆண்டுகள் உள்ளன. 1025க்கு முன்னரும் பல நூற்றாண்டுகள் உள்ளன. அக்காலமெல்லாம் வங்கக் கடல் வெறுமையாகக் கிடக்கவில்லை. கலங்கள் சென்றன, மீண்டன. அவற்றின் போக்கையும் வரவையும் வரையறுத்தவை பருவக் காற்றுகள். அக்காற்றுகளே தமிழரை அயற்கரையில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தன. அங்ஙனம் நின்ற நாள்களே குடியேற்றத்திற்கு வித்தாயின. இதனைச் சான்றுகளுடன் ஈண்டு நோக்குவோம்.

வழியும் தொலைவும்

நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவின் கெடாக் கரைக்கு நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். கெடாவே நம் கல்வெட்டுகள் கூறும் கடாரம் என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிபு. இப்பெருந்தொலைவில் முதல் 1,500 கிலோமீட்டர் வரை ஒரு மணல்திட்டும் கண்ணிற் படாது. பின்னர் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு தீவுத் தொடர் குறுக்கே நிற்கும். அதுவே நிக்கோபார்; சோழர் கல்வெட்டின் மாநக்கவாரம். அத்தொடரின் தென்கோடியில் உள்ள பெரிய நிக்கோபாரில் 642 மீட்டர் உயரமான மலையொன்று உண்டு. நீரும் விறகும் தேங்காயும் கிடைக்கும் இடம் அது. அங்கிருந்து மேலும் 700 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே சென்றால், கெடாவின் செராய் மலை 1,217 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கும். கடலில் நெடுந்தொலைவிலிருந்தே காணத்தக்க அம்மலையின் அடியிற்றான் பூசாங்குப் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களும் புத்தப் பள்ளிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

திசை அறியும் வழி என்னை? ஓரிடத்தில் வடமீன் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே அவ்விடத்தின் அட்சரேகை. நாகையில் அது பதினொரு பாகைக்குச் சற்றுக் குறைவு. பெரிய நிக்கோபாரில் ஏழு பாகை. சிங்கப்பூரிலோ ஒரு பாகையே ஆதலின், அம்மீன் அடிவானத்து மூட்டத்தில் மறைந்துவிடும். சோழமண்டலக் கரை மாலுமிகள் கயிறு கோத்த சிறு பலகையொன்றைக் கையாண்டனர். அக்கயிற்றில் துறைகளுக்குரிய முடிச்சுகள் இருந்தன. முடிச்சைப் பல்லிற் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் அடிவிளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பை வடமீனிலும் பொருத்திப் பார்ப்பர். பொருந்தினால் அத்துறைக்கு நேரே கலம் நிற்கிறது என்று பொருள். காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் 1850இல் சென்னையில் வெளியான ஓர் இதழில் இக்கருவியை விளக்கியுள்ளார். எழுதப் படிக்க அறியாதவனும் கையாளத்தக்க எளிய கருவி இது.

காற்றின் கணக்கு

வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று மாணாக்கர்க்குச் சொல்லித் தருகின்றோம். அகப்பாட்டில் இவை காதலர் துயரை மிகுவிக்கும் காற்றுகள். கடலோடிக்கோ இவை கால அட்டவணை. கரையோர மக்கள் கச்சான் என்றும் சோளகம் என்றும் வேறு பெயர்களும் வழங்குவர். இத்தனை பெயர்கள் ஒரு மொழியில் நிலைத்தமைக்கு, அவற்றை நம்பி வாழ்ந்தோர் பலராய் இருந்தமையே காரணமாதல் வேண்டும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அக்காற்று நாகைக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. கிழக்கே செல்லும் கலத்துக்கு அது பின்காற்று. ஆனியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவம் நீடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றுத் திரும்பும். வங்கக் கடலிற் புயல் எழும். நாகைக் கரையை அணுகுவது உயிருக்கே கேடு. மார்கழி கழிந்து தையும் மாசியும் வந்தால், வடகிழக்கிலிருந்து சீரான காற்று வீசும், கடலும் அடங்கியிருக்கும். அதுவே மேற்கே மீளும் காலம். சித்திரை, வைகாசியில் மறுபடியும் புயல் அச்சம் உண்டு.

இக்கணக்கை ஒரு கலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆவணியில் நாகையை விட்ட கலம் ஒரு திங்கள் ஓடிப் புரட்டாசியில் கெடாவை அடைகிறது என்க. சரக்கை விற்க இருபது நாள் போதும். ஆயினும் உடனே திரும்ப இயலாது. எதிர்க்காற்றும் புயலும் வழியை அடைத்துவிடும். தை பிறக்கும் வரை மூன்று திங்களுக்கு மேல் அக்கலத்தார் அங்கேயே இருத்தல் வேண்டும். சீனம் வரை செல்ல எண்ணினால், தென்சீனக் கடலில் அடுத்த தென்மேற்குப் பருவம் தொடங்கும் வரை நீரிணைத் துறையொன்றிற் காத்திருந்து, சீனத்தினின்றும் மீள மறுபடியும் வாடைக்குக் காத்திருத்தல் வேண்டும். ஓராண்டுக்கு மேல் வீட்டை மறந்திருக்க வேண்டிய பயணம் அது.

காப்பியம் காட்டும் தீவுகள்

மணிமேகலையைப் படிப்போர் அதன் அறவுரைகளில் மனம் வைத்து, கடற்செய்திகளை எளிதிற் கடந்து செல்வர். ஆபுத்திரன் வரலாற்றைப் பாருங்கள். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் வாடுவதைக் கடல்வழி வந்தோர் சொல்லக் கேட்டு, அமுதசுரபியுடன் அவன் கலம் ஏறுகின்றான். காற்று மிகுந்து கடல் கலங்குகிறது. கலத்தோர் பாயை இறக்கி மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்குகின்றனர். ஆபுத்திரன் இறங்கித் தீவினுள் செல்கின்றான். காற்று இசைந்ததும், அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கலத்தோர் இரவிலேயே பாய் விரித்துப் போய்விடுகின்றனர். உண்பாரற்ற தீவில் அமுதசுரபியோடு தனியே நின்ற அவன், உண்ணா நோன்பிருந்து உயிர் விடுகின்றான். காற்றுக்கு அஞ்சிப் பாய் இறக்குதல், தீவின் மறைவில் ஒதுங்குதல், காற்று வாய்த்த கணமே இருளென்றும் பாராது புறப்படுதல் ஆகிய மூன்றும் கடலோடியின் அன்றாட நெறிகள். பாய்க்கு 'இதை' என்ற பழஞ்சொல் வழங்கியதையும் இக்காதையிற் காணலாம்.

சாதுவன் கதை இதனினும் தெளிவானது. பொருளிழந்த அவன் வணிகரோடு கடல் மேற் செல்கையில் கலம் உடைகிறது. ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு, ஆடையற்ற நாகர் வாழும் மலைசார்ந்த தீவில் ஒதுங்குகின்றான். அவனைக் கொன்று தின்ன வந்தோரிடம் அவர்தம் மொழியிலேயே பேசி உயிர் பிழைக்கின்றான். பின் சந்திரதத்தன் என்னும் வணிகனுடைய கலம் அங்கு வர, அதிலேறிப் புகார் மீள்கின்றான். இத்தீவை நக்கவாரத்தோடு இணைத்துக் காண்பர் அறிஞர் சிலர். நக்கம் என்பது ஆடையின்மையைக் குறிக்கும் சொல்லாதலின், இக்கருத்துப் பொருத்தமுடையதே. எனினும் காப்பியக் கதையை வரலாற்று ஆவணமாகக் கொள்ளுதல் ஆகாது. கலம் உடைந்து அயல் தீவில் ஒதுங்குதலும், வணிகன் ஒருவன் தீவினர் மொழியை அறிந்திருத்தலும் அக்காலத்துக் கேட்போர்க்கு நம்பத்தக்க செய்திகளாய் இருந்தன என்பதே நமக்கு வேண்டுவது.

சீனத் துறவியும் வெனிசு வணிகனும்

காப்பியம் கூறுவதை அயலார் குறிப்புகள் உறுதி செய்கின்றன. இத்சிங் என்னும் சீனத் துறவி கி. பி. 671இல் காண்டன் துறையில் கலமேறி, இருபது நாளுக்குள் சுமத்திராவின் ஸ்ரீவிசயத்தை அடைந்தார். அங்கே ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர் மலாயூரில் இரண்டு திங்கள் இருந்து, கெடாவுக்கு வந்தார். கெடாவிலிருந்து அவர் புறப்பட்டது சீனரின் பன்னிரண்டாம் திங்களில். நம் கணக்கில் தை மாதத்தை ஒட்டிய காலம். வடக்கே பத்து நாளுக்கு மேல் ஓடி, ஆடையற்றோர் நாட்டை அடைந்தார். அத்தீவினர் தேங்காயும் வாழைப்பழமும் ஏந்திப் படகுகளில் வந்து, இரும்பையே விரும்பிக் கேட்டதாக எழுதியுள்ளார். பிறகு அரைத் திங்கள் ஓடி வங்கத்துத் தாமிரலிப்தி சேர்ந்தார். வேறொரு சீனத் துறவி கெடாவிலிருந்து முப்பது நாளில் நாகப்பட்டினம் அடைந்த செய்தியையும் அவரே குறித்துள்ளார். நாகை–கெடா வழிக்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று அரிது.

அறுநூறு ஆண்டு கழித்து, சீனத்திலிருந்து தாயகம் மீண்ட மார்க்கோ போலோ சுமத்திராவில் ஐந்து திங்கள் காற்றுக்காகக் காத்திருந்தார். உள்நாட்டாருக்கு அஞ்சி, உடன் வந்தோர் அகழி தோண்டி மரக்காப்பு அமைத்துக்கொண்டனர் என்பது அவர் கூற்று. நிக்கோபாரையும் அவர் தம் நூலிற் குறிப்பிடுகின்றார். ஒருவர் காத்திருந்த காலத்தில் இலக்கணம் கற்றார்; மற்றவர் அரண் அமைத்தார். தமிழ் வணிகர் யாது செய்தனர் என்பதைக் கல்வெட்டுகள் சொல்லும்.

காத்திருந்த கரைகள்

தாய்லாந்தின் தென்மேற்குக் கரையில் தகுவாபா என்னும் ஊரை அடுத்துக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கி. பி. 9ஆம் நூற்றாண்டினது. நாங்கூருடையான் ஒருவன் குளம் தோண்டியதையும், அதற்கு அவனிநாரணம் எனப் பெயரிட்டதையும், மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் அதற்குக் காவலாக நின்றதையும் அது கூறுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனுடைய பட்டப்பெயர். மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. ஒரு நாள் தங்கிப் போகின்றவன் குளம் வெட்டுவானோ? ஆண்டுதோறும் வருவோரும், வந்தால் மாதக்கணக்கில் தங்குவோரும், தமக்குப் பின் வருவோரை எண்ணுவோருமே அயல்நாட்டு மண்ணில் குளம் வெட்டுவர்.

இக்கல்வெட்டு இராசேந்திரன் படையெடுப்புக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்டது. நாகையில் ஸ்ரீவிசய அரசன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியை, நெடுங்காலம் ஆலந்து நாட்டின் லெய்டனில் இருந்த செப்பேடுகள் கூறுகின்றன. எனவே 1025இல் சோழப் படை சென்ற வழி புதுவழி அன்று. வணிகக் கலங்கள் முன்னரே கண்டு பழகிய வழி. தஞ்சைக் கல்வெட்டில் ஸ்ரீவிசயம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலிய பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை வெற்றிப் பட்டியல் என்று மட்டுமே படிக்கின்றோம். மாலுமியின் கண்ணோடு படித்தால், அவற்றுட் பல அவன் நீர் எடுத்த துறைகள். காற்றுக்கு ஒதுங்கிய தீவுகள். படையை நடத்தியவன் பெயர் மெய்க்கீர்த்தியில் உண்டு. அப்படைக்கு வழி காட்டிய மாலுமியின் பெயர் எங்கும் இல்லை.

சோழர் கடற்படை மீண்ட பின்னரும் வணிகர் நின்றுவிடவில்லை. சுமத்திராவின் மேற்குக் கரையில், கருப்பூரத்துக்குப் பெயர்போன பாரூசு என்னும் இடத்தருகே, 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் பெருங்குழு பொறித்தது அது. மரக்கலத் தலைவரும் கலத்தில் வருவோரும் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்திய பின்னரே உள்ளே வரலாம் என்னும் கட்டளையை அதிற் காண்கின்றோம். வரி விதித்து வாங்குவதற்கு அங்கேயே நிலையாக இருப்போர் வேண்டும் அன்றோ? சீனத்துச் சுவான்சௌ நகரில் 1281இல் சிவன் கோயில் எடுத்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டும் இவ்வரிசையைச் சேர்ந்ததே.

மலாய் மொழியும் இதற்குச் சான்று பகரும். கப்பல் அங்கே 'காப்பால்' ஆயிற்று. கடை 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. குளம் 'கோலாம்' ஆயிற்று. மாம்பழம் 'மெம்பெலாம்' ஆயிற்று. இவை அரசாணையால் நுழைந்த சொற்கள் அல்ல. கரையில் இருந்து பேசி, விலை பேசி, உண்டு பழகியவர் வாயிலாகச் சென்றவை.

நீரிணையின் குணம்

மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தபின் கடலோடிக்கு வேறொரு சோதனை. திறந்த கடலிற் போலச் சீரான காற்று அங்கில்லை. பல நாள் காற்றே இராது, பாய் தொங்கும், நீரோட்டம் பார்த்து நங்கூரம் எடுப்பதும் போடுவதுமாக நகர வேண்டும். திடீரென மேற்கே கருமேகம் சுவர் போல் எழும். விடியுமுன் அல்லது காலையில் சுமத்திராப் பக்கமிருந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை விரைவுள்ள காற்று, இடிமழையுடன் வந்து மோதும். ஓரிரு மணியில் எல்லாம் அடங்கிவிடும். சித்திரை முதல் கார்த்திகை வரை இத்தகைய காற்று வருவதுண்டு. சிங்கப்பூர் வானிலையார் இன்றும் இதனைச் சுமத்திராக் காற்று என்றே வழங்குகின்றனர். காலை நேரத்தில் வானம் சட்டென இருண்டதும், தேக்காக் கடைக்காரர் ஐந்தடி நடைவழியில் பரப்பிய கூடைகளை உள்ளே இழுக்கின்றாரே, அது இக்காற்றுக்கே. அவர் கூடையை இழுக்கும் அந்தச் சில நொடியில், பண்டை மாலுமி பாயை இறக்கியாதல் வேண்டும். தாமதித்தால் பாய்மரம் முறியும்.

இருபுறத்துப் பருவக் காற்றுகளும் சந்திக்கும் இந்நீரிணையில் பெருந்துறைகள் எழுந்தமைக்கு இதுவே காரணம். பருவக் காற்றுகள் முடியும் இடத்தில் மலாக்கா நிற்கிறது என்று, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த போர்ச்சுகீசியர் தோமே பிரேசு எழுதினார். தமிழ் வணிகர் அங்கே செல்வாக்குடன் வாழ்ந்தனர். காத்திருந்தோருட் சிலர் அங்கேயே மணம் புரிந்தனர். அவர் வழியினரே மலாக்காச் செட்டிகள். வீட்டுமொழி மலாய், உடையும் உணவும் பெரும்பாலும் மலாய் முறை, வழிபாடு சைவம். 1781இல் எழுந்த மலாக்காப் பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்கள் வழிபாட்டில் உள்ளது. காற்றுக்கு நின்றவர் கால் ஊன்றியமைக்கு இவரினும் உயிருள்ள சான்று வேறு வேண்டா.

சிங்கைக் கரையில்

கும்பினியார் 1786இல் பினாங்கைப் பெற்றபோது, அண்மையில் கெடாவோடு பழகியிருந்த சோழியர் அங்குக் குடியேறினர். சோழியர் என்பது சோழமண்டலக் கரைத் தமிழ் முசுலிம்களைச் சிறப்பாகக் குறித்த பெயர். 1819 மே மாதம் இராபிள்சின் இரண்டாம் வருகையில் 'இந்தியானா' என்னும் கலத்தில் சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளையும் பினாங்கிலிருந்தே வந்தார். ஆக, சிங்கையின் முதல் தமிழ்க் குடியினருட் பலர் நீரிணையை முன்னரே அறிந்தவர்கள். சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிய படகுகளைத் தொடக்க காலத்தில் பெரும்பாலும் சோழியரே செலுத்தினர். அவர்கள் பெயரால் ஆற்றங்கரையில் சூலியா தெரு இன்றும் உண்டு. மாட்டு வாணிகமும் செங்கற் சூளைகளும் தமிழரைச் சிராங்கூன் சாலைப் பக்கம் ஈர்த்தது பிற்பாடே. தேக்காவுக்கு முன்னர், தமிழர் இவ்வூரிற் கால் வைத்தது கடலோரத்தில்.

அக்கடலோரத்தின் நினைவுச் சின்னம் தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா. 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்ற இது, நாகூர்ச் சாகுல் அமீது ஆண்டகையின் நினைவுக்கு எடுத்தது. கடலோடிகளைக் காப்பவர் என அவரை மதத்தார் பலரும் வணங்குவர். இன்று அக்கட்டடத்தைச் சூழ வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன. கடல் கண்ணுக்குத் தெரியாது. கட்டிய நாளிலோ அத்தெருவே கடற்கரை. பின்னர் மண்ணிட்டுக் கடல் தூர்க்கப்பட்டது. காற்றோடும் அலையோடும் போராடிக் கரை சேர்ந்தவன் முதலடியிலேயே நன்றி செலுத்தத்தக்க இடத்தில் அது எழுந்தது. 1974இல் நாட்டுச் சின்னமாக அறிவிக்கப்பெற்று, 2011 முதல் மரபுடைமை நிலையமாகவும் திகழ்கிறது.

நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்குக் காத்திருத்தல் ஒழிந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' சென்னையையும் நாகையையும் விட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில் நீரிணைத் துறைகளை அடைந்தது. இன்று சென்னையிலிருந்து வானூர்தியில் வருவோர்க்கு நான்கு மணி நேரமே வேண்டும். காத்திருக்கும் துன்பம் தீர்ந்தது நன்றே. அத்துன்பத்தை ஆற்றியவர்களை மறந்தது மட்டும் நன்றன்று.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. கடாரம் என்ற சொல் பாடத்தில் வரும்போது, மன்னன் பெயரோடு நிறுத்தாது, வங்கக் கடலின் படத்தைச் சுவரில் மாட்டி, நாகையையும் நக்கவாரத்தையும் செராய் மலையையும் ஒரு கோலால் தொட்டுக் காட்டலாம். ஆபுத்திரன் கதையில், கலம் ஏன் இரவிற் புறப்பட்டது என்று கேட்கலாம். வாடை என்பது எத்திசைக் காற்று என்று கேட்பதோடு, அது நாகைக் கலத்தை எத்திசையிற் செலுத்தும் என்றும் கேட்கலாம். அங்ஙனம் கற்ற சிறுவன், தன் முன்னோர் இக்கரைக்கு வாளோடு வந்தனரா, மண்வெட்டியோடு வந்தனரா என்ற இரண்டே கேள்விகளில் அடைபட மாட்டான். பாயும் கயிறும் பலகையுமாக, காற்றின் மாதம் அறிந்து வந்து, குளம் வெட்டிக் காத்திருந்த பெயர் தெரியாத ஒருவனையும் தன் முன்னோனாக அறிந்துகொள்வான்.